சத்து மாத்திரையும் மருந்தே

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அறுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் வந்தார். பல ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை அன்று முதல் ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டு வருபவர். மாதந்தோறும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, அந்த அளவைச் சிறு குறிப்பேட்டில் தம் கைப்படவே எழுதி வைப்பார். இரண்டு ஆண்டுகளாக அது 2.5க்கும் 3.5க்கும் இடையிலேயே நின்றிருந்தது. அன்று மட்டும் 5.8 ஆக இருந்தது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிவதாகவும், அடிபடாமலேயே முன்கை கன்றிப்போயிருப்பதாகவும் கூறினார்.

புதிதாக ஏதேனும் மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டோம். இல்லை என்றார். காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஏதேனும்? இல்லை. நாட்டு மருந்து? இல்லை. உணவில் மாற்றம்? அதுவும் இல்லை. இரண்டு நாட்களுக்கு வார்ஃபரினை நிறுத்தி, மறுபரிசோதனைக்கு வருமாறு எழுதிக் கொடுத்தோம். எழுந்து செல்லும்போது உடன் வந்திருந்த மருமகள் தயங்கியபடி கேட்டார்: "முட்டிவலிக்குச் சத்து மாத்திரை மட்டும் ரெண்டு மாசமா சாப்பிடுறாங்க டாக்டர். அது மருந்தில்லையே, சொல்லணுமா?"

மறுமுறை அந்தப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் கலந்த மாத்திரைகள். அவற்றை நிறுத்தச் சொல்லி, வார்ஃபரினைப் பழைய அளவிலேயே தொடரச் செய்தோம். சில வாரங்களில் ஐ.என்.ஆர். பழைய எல்லைக்குள் திரும்பியது. ஒருவரிடம் கண்டதை வைத்து இம்மாத்திரையே காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது என்பதை அறிவோம். ஆயினும் வார்ஃபரினுடன் குளுக்கோசமைனைச் சேர்த்து உட்கொண்டவர்களுக்கு ஐ.என்.ஆர். உயர்ந்த நிகழ்வுகள் பல நாடுகளின் மருந்துக் கண்காணிப்பு அமைப்புகளில் பதிவாகியுள்ளன. இது கேள்விப்படாத செய்தியன்று.

அந்தப் பெண்மணி எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் "மருந்து" என்று கேட்டோம். அவர் உட்கொண்டதோ, அவரைப் பொறுத்தவரை, மருந்தன்று. கேள்வியில்தான் பிழை இருந்தது. இக்கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு அதுவே காரணம். மூட்டுத் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைன் உட்கொள்வதை நாங்கள் எவருக்கும் தடை செய்யவில்லை. ஆனால் அதை ஒரு மருந்தாகக் கருதியே உட்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். மருந்து என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு; எச்சரிக்கை உண்டு; பலனைச் சோதித்தறியும் வழி உண்டு; நிறுத்தும் நாளும் உண்டு. இவை நான்கும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் மாத்திரையைச் சிகிச்சை என்று அழைக்க எங்களுக்கு மனமில்லை.

இம்மாத்திரை எத்தகையது?

குளுக்கோசமைன் என்பது நம் உடலிலேயே உருவாகும் ஒரு வகைச் சர்க்கரைப் பொருள். எலும்பு முனைகளை மூடி, மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய உதவும் குருத்தெலும்பின் கட்டமைப்பில் அதற்குப் பங்குண்டு. தேய்ந்துவரும் குருத்தெலும்புக்கு மூலப்பொருளைக் கொடுத்தால் அது மீண்டும் வளராதா என்ற எண்ணத்திலிருந்தே இம்மாத்திரை பிறந்தது. எண்ணம் நியாயமானதே. ஆனால் வாய்வழியே செல்லும் பொருள் குடலையும் கல்லீரலையும் கடந்தே மூட்டை அடைய வேண்டும். வீட்டு வாசலில் செங்கல்லை இறக்கிவிட்டதால் மட்டும் சுவர் எழும்பிவிடுவதில்லை.

கடைகளில் கிடைக்கும் குளுக்கோசமைனில் பெரும்பகுதி இறால், நண்டு போன்றவற்றின் ஓடுகளிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. பூஞ்சையிலிருந்தோ தானியத்தை நொதிக்கச் செய்தோ தயாரிக்கப்படும் வகைகளும் உண்டு. இதை அறிந்துகொள்வது இரு வகையினருக்கு முக்கியம். ஒருவர், இறாலோ நண்டோ உண்டால் உடல் தடித்து மூச்சுத் திணறுபவர். மற்றவர், வாழ்நாள் முழுவதும் சைவ உணவே உண்டு வந்தவர். மாத்திரையின் மூலம் எது என்பதைப் பல ஆண்டுகள் விழுங்கிய பின்பு எங்கள் வாயிலாக அறிந்து வருந்திய பெரியவர்களைக் கண்டிருக்கிறோம். அவர்களிடம் அதை முன்னரே சொல்லியிருக்க வேண்டியது எழுதிக் கொடுத்தவரின் கடமை.

பலன் உண்டா?

இக்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுபவர்கள் ஆய்வுகளில் ஒரு பாதியை மட்டும் படித்தவர்கள் என்றே கருதுகிறோம். 2001ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 212 நோயாளிகள் மூன்று ஆண்டுகள் பின்தொடரப்பட்டனர். குளுக்கோசமைன் சல்ஃபேட் உட்கொண்டவர்களின் முழங்கால் மூட்டு இடைவெளி குறைவது தணிந்ததாக அது கூறியது. உலகெங்கும் இம்மாத்திரைக்கு நம்பிக்கை பெருகியதில் அந்த ஆய்வுக்குப் பங்குண்டு.

அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனம் நிதியளித்த பெரும் ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேர் அதில் பங்கேற்றனர். 24 வாரங்கள் நடந்தது. குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு உட்கொண்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கு வலி ஐந்தில் ஒரு பங்கேனும் குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உட்கொண்டவர்களிலும் 60 விழுக்காட்டினருக்கு அவ்வாறே குறைந்தது. புள்ளியியல் நோக்கில் அது கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடன்று. கடுமையான வலி கொண்ட சிறு பிரிவினருக்கு மட்டும் குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் சேர்ந்து பயன் தந்ததற்கான அறிகுறி தென்பட்டது. 2010ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், பத்து ஆய்வுகளையும் 3,803 நோயாளிகளையும் ஒருங்கே சேர்த்து ஆராய்ந்தவர்கள், நோயாளி உணரத்தக்க பயன் இல்லை என்ற முடிவுக்கு வந்தனர்.

இன்று அமெரிக்க வாதநோய் வல்லுநர் கல்லூரியும், இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும் மூட்டுத் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைனைப் பரிந்துரைப்பதில்லை. ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்றோ, மருந்துத் தரத்தில் தயாரிக்கப்பட்ட சல்ஃபேட் வகையைப் பயன்படுத்தலாம் என்கிறது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள இடத்தில், ஐயமே இல்லாதது போல் விளம்பரம் செய்வதும் முறையன்று. உட்கொள்பவரை அறியாதவர் என்று ஏளனம் செய்வதும் முறையன்று.

வெற்று மாத்திரைக்கே 60 விழுக்காட்டினர் தேறினர் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தேய்மான வலி ஒரே சீராக இருப்பதில்லை; ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய மாத்திரையைத் தேடுகிறோம். அதன்பின் வலி தானாகவே சற்று இறங்குகிறது. பாராட்டு மாத்திரைக்குப் போய்ச் சேர்கிறது. அடுத்த வீட்டுக்காரருக்குக் குணமானது என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் கொண்டு உங்களுக்கும் குணமாகும் என்று கொள்ள இயலாது.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பெரும்பாலோருக்கு இம்மாத்திரை பெருந்தீங்கு செய்வதில்லை. குமட்டல், நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், தலைவலி ஆகியவையே வழக்கமாகக் காணப்படும் தொல்லைகள். ஆனால் சிலருக்கு "பெரும்பாலோர்" என்ற சொல் பாதுகாப்பளிக்காது.

வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகிய மருந்துகளை உட்கொள்வோர் குளுக்கோசமைனைத் தவிர்ப்பதே நன்று என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே இரண்டையும் சேர்த்து உட்கொண்டு வருபவர் அஞ்ச வேண்டாம். உடனே மருத்துவரிடம் தெரிவித்து ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளுங்கள். குளுக்கோசமைனை நிறுத்திய பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். இதைப் படித்த அச்சத்தில் வார்ஃபரினைத் தாமாக நிறுத்திவிடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை உட்கொள்வோரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் ஓடுகளிலிருந்து எடுக்கப்பட்ட வகையை உட்கொள்ள வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு மிகுந்ததாகக் குறிப்புகள் உண்டு, கவனம் தேவை. நீரிழிவு நோயாளிகளுக்கு வழக்கமான அளவில் சர்க்கரை பெரிதும் மாறுவதில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் தொடங்கிய முதல் சில வாரங்களில் சர்க்கரை அளவை வழக்கத்தைவிடச் சற்று அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் தெரிவியுங்கள். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பானது என்பதற்குப் போதிய சான்று இல்லை.

சிறுநீரக நோயாளிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் நாட்டில் கிடைக்கும் பல மாத்திரைகளில் "குளுக்கோசமைன் சல்ஃபேட் பொட்டாசியம் குளோரைடு" என்ற உப்பு வடிவம் உள்ளது. வேறு சிலவற்றில் சோடியம் குளோரைடு சேர்கிறது. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி இளநீரையும் வாழைப்பழத்தையும் விலக்கி வைத்திருக்கும் ஒருவர், மூட்டுக்கென்று எடுக்கும் மாத்திரையில் அதே பொட்டாசியம் இருப்பதை அறியாமல் இருக்கக் கூடாது.

அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்

முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். உள்ளே இருப்பது என்ன என்பது பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். குளுக்கோசமைன் தனியாகவும் வரும், காண்ட்ராய்டின், எம்.எஸ்.எம்., வைட்டமின் டி ஆகியவற்றுடன் சேர்ந்தும் வரும். நம் நாட்டில் டயசெரின் என்ற மருந்துடன் சேர்த்தும் மிகுதியாக விற்கப்படுகிறது. இந்த டயசெரின் சத்துப்பொருள் அன்று, முழுமையான மருந்து. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்க வல்லது. சிறுநீரை அடர்மஞ்சள் நிறமாக்கும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. முதியவர் ஒருவர் பல வாரங்களாக வயிற்றுப்போக்கால் தளர்ந்து, குடல் நோய் என்று எண்ணிப் பரிசோதனைகள் செய்துகொண்டிருக்கும் வேளையில், காரணம் மூட்டு மாத்திரையின் அட்டையில் எழுதப்பட்டிருக்கக் கூடும்.

சில தயாரிப்புகள் மருந்துச் சட்டத்தின்கீழ் அல்லாமல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற பொருள் தரும் வாசகமும் காணப்படும். அந்த வாசகத்தையும், "மூட்டுக்கு நல்லது" என்ற விற்பனையாளரின் சொல்லையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

உட்கொள்வதென்று முடிவு செய்தால்

இவ்வளவையும் அறிந்த பின்பும் ஒருமுறை முயன்று பார்க்க விரும்பினால், நாங்கள் மறுப்பதில்லை. ஆனால் முயற்சிக்கு ஒரு முறைமை வேண்டும்.

வழக்கமான அளவு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம். ஒரே வேளையாகவோ, 500 மில்லிகிராமாக மூன்று வேளையாகவோ உணவுடன் உட்கொள்ளலாம். அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்பதற்குச் சான்று இல்லை. இது உடனடி வலி நிவாரணி அன்று. வலித்த அன்று ஒன்று, வலிக்காத அன்று இல்லை என்று உட்கொள்வதில் பொருளில்லை.

தொடங்கும் நாளில் நாட்காட்டியில் அத்தேதியைக் குறியுங்கள். மூன்று மாதங்கள் கழித்து வரும் தேதியையும் அப்போதே வட்டமிடுங்கள். இன்று மாடிப்படி ஏற எவ்வளவு சிரமம், கோயில் பிராகாரத்தை எத்தனை சுற்றுச் சுற்ற முடிகிறது, இரவில் வலியால் எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்பனவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அத்தாளை எடுத்து ஒப்பிடுங்கள். தெளிவான மாற்றம் இல்லையெனில் நிறுத்திவிடுங்கள். மாற்றம் இருப்பதாகத் தோன்றினால், மருத்துவரிடம் கலந்து பேசிச் சில வாரங்கள் நிறுத்திப் பார்த்தும் முடிவு செய்யலாம். நிறுத்தியபின் வலி கூடவில்லை என்றால், அந்தச் செலவு தேவையற்றது.

அச்செலவைச் சிறிதென்று ஒதுக்கிவிட முடியாது. மாதந்தோறும் சில நூறு ரூபாய், சில தயாரிப்புகளுக்கு அதற்கும் மேல். முதியோர் உதவித்தொகையில் வாழும் ஒருவர் ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு, மூட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் வாங்குவதைக் கண்டிருக்கிறோம். எது உயிரைக் காப்பது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தாம்.

எந்த அட்டையிலும் இல்லாதது

முழங்கால் தேய்மானத்தில் உறுதியான சான்றுள்ள சிகிச்சைகள் விளம்பரத்தில் வருவதில்லை. அவற்றை விற்க முடியாது என்பதே காரணம். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்கால் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தவர், ஓர் அரிசிச் சிப்பத்தை ஒவ்வோர் அடியிலும் இறக்கி வைத்தவர் ஆகிறார்.

தொடையின் முன்தசை வலுவாக இருந்தால் மூட்டின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். படுத்த நிலையில் முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, அவ்வாறே ஐந்து எண்ணுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் இவற்றை நேரில் கற்றுத் தருவார்கள். வலியுள்ள காலுக்கு எதிர்க்கையில் கைத்தடியைப் பிடிப்பது, சம்மணமிட்டுத் தரையில் நெடுநேரம் அமர்வதைத் தவிர்ப்பது, வீட்டுக் கழிப்பறையில் உயர்ந்த இருக்கை அமைப்பது ஆகியவையும் சிகிச்சையே. வலி மிகும்போது மேற்பூச்சாகத் தடவும் வலிநிவாரணக் களிம்பு பலருக்குப் போதும். வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி நாட்கணக்கில் உட்கொள்வது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குளுக்கோசமைனைவிட அது பலமடங்கு ஆபத்தானது என்பதையும் மறவாதீர்கள்.

குளுக்கோசமைன் செய்யக்கூடிய பெருந்தீங்கு இங்குதான் இருக்கிறது என்று எண்ணுகிறோம். மாத்திரை போட்டாயிற்று என்ற நிறைவில் பலர் உடற்பயிற்சியைத் தொடங்குவதே இல்லை. ஓராண்டு, ஈராண்டு என்று காலம் போகிறது. தசை மெலிகிறது; எடை ஏறுகிறது; மூட்டு மேலும் தேய்கிறது.

எங்கள் பங்கு

இதில் நோயாளிகளை மட்டும் குறை கூறினால் நாங்கள் நேர்மையற்றவர்கள் ஆவோம். நெரிசலான புறநோயாளிப் பிரிவில், உடற்பயிற்சியை விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். மாத்திரையின் பெயரை எழுதப் பத்து நொடி போதும். அந்தப் பத்து நொடியை நாங்களும் பலமுறை தேர்ந்தெடுத்திருக்கிறோம். எழுதிய சீட்டில் எத்தனை நாளைக்கு என்று குறிக்காமல் விட்டதும் உண்டு. எழுதியவர் மறந்த மாத்திரையை, விழுங்குபவர் ஐந்தாண்டுகளாகத் தொடர்ந்துகொண்டிருப்பார்.

ஆதலால் எங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டிருக்கிறோம். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று இப்போது கேட்பதில்லை. "காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை உணவைத் தவிர வேறு என்னவெல்லாம் உட்கொள்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். மாத்திரை, பொடி, கஷாயம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய புட்டி எல்லாம் அதில் அடங்கும்.

குடும்பத்தினரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. அடுத்தமுறை பெரியவர்களை அழைத்து வரும்போது, வீட்டில் அவர்கள் உட்கொள்ளும் அனைத்தையும் ஒரு துணிப்பையில் போட்டு அப்படியே எடுத்து வாருங்கள். சத்து மாத்திரைதானே என்று எதையும் வீட்டில் விட்டுவிட வேண்டாம். நாங்கள் கேட்க மறந்தாலும், பையை மேசை மீது வைத்துவிடுங்கள். அன்று அந்த மருமகள் தயக்கத்தை விடுத்துக் கேட்ட ஒரு கேள்விதான் அவருடைய மாமியாரைக் காப்பாற்றியது. அப்படியொரு கேள்வியைக் கேட்க எவரும் தயங்க வேண்டியதில்லை.